நூறு விழுக்காடு என்றால் நம்பிவிடலாமா?

2008-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஸூன் 30’ என்ற இசைக் கருவிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் உறைந்து நின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை. மின்கலம் முழுவதும் தீரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள், மறுநாள் கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு மின்னூட்டுங்கள் என்று நிறுவனம் சொன்னது. அதைத் தவிர வாடிக்கையாளர்களுக்கு வேறு வழி இல்லை. மறுநாள் கருவிகள் தாமாகவே பிழைத்துக்கொண்டன.

கோளாறு எங்கே இருந்தது? கருவியின் கடிகாரத்தை இயக்கும் நிரலில், ஆண்டைக் கணக்கிடும் சில வரிகளில். உயர்நிலை 3 மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வரிகள்தாம் அவை. அந்த வரிகள் அத்தனையையும் ஒரே ஒரு சோதனையால் ஓடவைத்து, “நிரல் 100 விழுக்காடு சோதிக்கப்பட்டது” என்று அறிக்கை வாங்கிவிடலாம். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

இன்று மென்பொருள் துறையில் ‘கோட் கவரேஜ்’ என்ற எண்ணுக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நிரலை ஏற்கமாட்டோம் என்று விதி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. பள்ளித் திட்டப்பணிக்கு நிரல் எழுதும் மாணவர்களும் இந்த எண்ணை இப்போது சந்திக்கிறார்கள். இந்த எண்ணைப் பெரும்பாலோர் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்பதே என் கருத்து. அதை மதிப்பெண் போலப் படிக்கக்கூடாது. எதை இன்னும் சோதிக்கவில்லை என்று சொல்லும் பட்டியலாகத்தான் படிக்க வேண்டும்.

கவரேஜ் என்பது என்ன?

ஒரு நிரலை எழுதிய பிறகு, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறுசிறு சோதனைகளையும் எழுதுகிறோம். “இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும்” என்பது ஒரு சோதனை. அப்படிப் பல சோதனைகளை ஓடவிடும்போது, நிரலின் எந்தெந்த வரிகள் ஒருமுறையாவது ஓடின என்பதை ஒரு கருவி பக்கத்திலிருந்து குறித்துக்கொள்ளும். பைத்தான் மொழிக்குக் ‘கவரேஜ்.பை’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஓடிய வரிகளைப் பச்சையிலும் ஓடாத வரிகளைச் சிவப்பிலும் இப்படிப்பட்ட கருவிகள் காட்டும். 200 வரிகளில் 150 ஓடியிருந்தால் கவரேஜ் 75 விழுக்காடு. கணக்கு அவ்வளவுதான்.

யோசனை பழையது. 1963-ஆம் ஆண்டிலேயே ஜோன் மில்லர், கிளிஃபர்ட் மலோனி என்ற இருவர், நிரலின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறையாவது சோதனையில் ஓடியதா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என எழுதினார்கள். ஓடவே ஓடாத வரியில் பிழை இருந்தால் அந்தச் சோதனைகளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். இந்தக் காரணத்தை இன்றும் யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. “ஓடாத வரியின் பிழை தெரியாது” என்பது உண்மை. அதைத் திருப்பிப்போட்டு, “ஓடிய வரியில் பிழை இருந்தால் தெரிந்திருக்கும்” என்று முடிவு கட்டுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. மழை பெய்தால் தரை நனையும். அதற்காக, தரை நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? யாராவது வாளித் தண்ணீரைக் கொட்டியிருக்கலாம்.

எட்டு வரியில் ஒளிந்திருந்த நாள்

ஸூன் கருவியின் நிரலையே எடுத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியை 1-ஆம் நாளாக வைத்து, இன்று எத்தனையாவது நாள் என்ற ஓர் எண்ணை அந்தக் கடிகாரம் வைத்திருந்தது. அந்த எண்ணிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் ஆண்டு 1980. அதன் பிறகு நிரல் செய்ததைத் தமிழில் இப்படி எழுதலாம்:

1. நாள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்:
2. அந்த ஆண்டு லீப் ஆண்டு எனில்:
3. நாள் 366-ஐவிட அதிகம் எனில்:
4. நாளிலிருந்து 366-ஐக் கழி;
5. ஆண்டுடன் 1-ஐக் கூட்டு.
6. லீப் ஆண்டு இல்லையெனில்:
7. நாளிலிருந்து 365-ஐக் கழி;
8. ஆண்டுடன் 1-ஐக் கூட்டு.

இதில் 4, 5-ஆம் வரிகள் 3-ஆம் வரிக்குக் கட்டுப்பட்டவை. 7, 8-ஆம் வரிகள் 6-ஆம் வரிக்குக் கட்டுப்பட்டவை. கையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 800 என்ற நாளைக் கொடுத்துப் பார்ப்போம். 800 என்பது 365-ஐவிட அதிகம். 1980 லீப் ஆண்டு. 800 என்பது 366-ஐவிட அதிகம். ஆகவே 366-ஐக் கழிக்க 434; ஆண்டு 1981. மீண்டும் முதல் வரிக்குப் போகிறோம். 434 என்பது 365-ஐவிட அதிகம். 1981 லீப் ஆண்டு இல்லை. 365-ஐக் கழிக்க 69, ஆண்டு 1982. இப்போது 69 என்பது 365-ஐவிடக் குறைவு. சுழற்சி முடிந்தது. விடை: 1982-ஆம் ஆண்டின் 69-ஆம் நாள், அதாவது மார்ச் 10. விடை சரி.

இந்த ஒரே சோதனையில் எட்டு வரிகளும் ஓடிவிட்டன. வரிக் கவரேஜ் 100 விழுக்காடு. திரை முழுவதும் பச்சை.

அடுத்து, 10,593 என்ற நாளைக் கொடுங்கள். அதுதான் 2008 டிசம்பர் 31. ஒவ்வோர் ஆண்டாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் ஆண்டு 2008, நாள் 366 என்று வந்து நிற்கும். 366 என்பது 365-ஐவிட அதிகம்; உள்ளே போகிறோம். 2008 லீப் ஆண்டு; இன்னும் உள்ளே போகிறோம். 366 என்பது 366-ஐவிட அதிகமா? இல்லை. ஆகவே எதையும் கழிக்காமல் முதல் வரிக்குத் திரும்புகிறோம். நாள் இன்னும் 366-தான். மறுபடியும் அதே கேள்விகள், அதே பதில்கள். நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கருவி உறைந்துபோனது இதனால்தான். மறுநாள் எண் ஒன்று கூடியதும் மீதி 367 ஆகிவிட்டது, கழித்தல் நடந்தது, கருவி விழித்துக்கொண்டது. இந்தக் கருவி 2006-இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே அது சந்தித்த முதல் லீப் ஆண்டின் கடைசி நாள் 2008 டிசம்பர் 31.

இந்த நிரலை எழுதியவர்கள் கவரேஜ் அளந்தார்களா என்பது இங்கே கேள்வி இல்லை. அளந்திருந்தாலும் வரிக் கவரேஜ் அவர்களைக் காப்பாற்றியிருக்காது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிளைகளை எண்ணினால்?

வரிகளை எண்ணுவதற்குப் பதிலாகக் கிளைகளை எண்ணும் முறையும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’ என்று ஒரு கிளை, ‘இல்லை’ என்று ஒரு கிளை. இரண்டு பக்கமும் சோதனை போயிருக்க வேண்டும். நம் நிரலில் 1, 2, 3 ஆகிய வரிகளில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆகவே ஆறு கிளைகள். 800 என்ற சோதனை முதல் கேள்வியின் இரு கிளைகளையும் தொட்டது. இரண்டாம் கேள்வியின் இரு கிளைகளையும் தொட்டது. மூன்றாம் கேள்வியில் ‘ஆம்’ பக்கம் மட்டும் போனது. ஆறில் ஐந்து. கிளைக் கவரேஜ் ஏறக்குறைய 83 விழுக்காடு.

விடுபட்ட அந்த ஒரு கிளையைத் தொட என்ன எண் வேண்டும்? நாள் 365-ஐவிட அதிகமாகவும் இருக்க வேண்டும், 366-ஐவிட அதிகமாக இல்லாமலும் இருக்க வேண்டும். முழு எண்களில் அப்படி ஒன்றுதான் உண்டு: 366. யாராவது அந்தச் சிவப்புக் கிளையைப் பார்த்து, “இதைத் தொடுவது எப்படி?” என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், நேராகப் பிழையின் மேல் போய் விழுந்திருப்பார்கள். ‘100’ என்ற எண் ஒன்றும் சொல்லாத இடத்தில், ‘83’-இல் விடுபட்ட 17 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அப்படியானால் கிளைக் கவரேஜ் 100 ஆகிவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. அவசரக்காரர் ஒருவர் மூன்றாம் வரியை மட்டும் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “366-ஐவிட அதிகம்” என்பதை “366 அல்லது அதற்கு அதிகம்” என்று திருத்துகிறார். நிரல் இனி உறையாது. 366-ஐக் கொடுத்தால் 366-ஐக் கழித்து, 1981-ஆம் ஆண்டின் 0-ஆவது நாள் என்று விடை தரும்! நாட்காட்டியில் அப்படி ஒரு நாளே கிடையாது. சோதனை அந்த வரிகளை ஓடவிட்டு, விடையைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், வரிகள் எல்லாம் பச்சையாகவே தெரியும். கவரேஜ் கருவிக்கு வரி ஓடியதா என்பது மட்டுமே தெரியும். விடை சரியா என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சோதனையில் எழுதிவைக்க வேண்டும்.

பாதைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒன்றையொன்று சாராத 20 கேள்விகள் வரிசையாக இருக்கும் ஒரு நிரலை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ வரும்படி ஒரு சோதனை, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ வரும்படி ஒரு சோதனை. இரண்டே சோதனைகளில் கிளைக் கவரேஜ் 100 விழுக்காடு ஆகிவிடும். ஆனால் அந்த நிரலின் வழியே போகக்கூடிய பாதைகள் 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 1,048,576. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாதைகளில் இரண்டில் மட்டும் நடந்துவிட்டு, “ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று” என்று சொல்வது போன்றது இது. நம்மூரில் நுனிப்புல் மேய்வது என்று சொல்வார்களே, அதேதான். வயல் முழுக்க மாடு வாய் வைத்திருக்கும், வயிறு நிறைந்திருக்காது.

ஒரே ஆண்டில் இரண்டு பாடங்கள்

கவரேஜின் பலத்தையும் எல்லையையும் அருகருகே காட்டும் இரண்டு சம்பவங்கள் 2014-இல் நடந்தன.

முதலாவது, ஆப்பிள் நிறுவனத்தில். நீங்கள் திறன்பேசியில் வங்கியின் இணையத்தளத்தைத் திறக்கும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே அந்த வங்கிதானா என்று திறன்பேசி சரிபார்க்கிறது. வரிசையாகப் பல சோதனைகள். ஒன்றில் தவறினாலும் “தோல்வி என்ற இடத்துக்குத் தாவு” என்று ஒரு கட்டளை. ஆப்பிளின் நிரலில் அந்தத் தாவும் கட்டளை ஓரிடத்தில் தவறுதலாக இரண்டு முறை அடுத்தடுத்து இருந்தது. முதலாவது கட்டளை மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது, எது எப்படி இருந்தாலும் தாவிவிடும். அதனால் அதற்குக் கீழே இருந்த முக்கியமான கையொப்பச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை. அதுவரை எந்தத் தவறும் பதிவாகாததால், “எல்லாம் சரி” என்ற விடையே திரும்பிப் போனது. அதே கம்பியில்லா இணைப்பில் இருக்கும் ஏமாற்றுக்காரர் ஒருவர் வங்கியைப் போல நடிக்க இது வழிவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் அவசரத் திருத்தம் வெளியிட்டது.

இந்தப் பிழையைக் கவரேஜ் அறிக்கை காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டாவது தாவலுக்குக் கீழே உள்ள வரிகள் எந்தச் சோதனையிலும் ஓட வாய்ப்பே இல்லை. எத்தனை சோதனைகள் எழுதினாலும் அவை சிவப்பாகவே இருக்கும். “பாதுகாப்புக்கான வரி ஏன் ஒருமுறைகூட ஓடவில்லை?” என்று கேட்க ஒரு மனிதர் இருந்தால் போதும்.

இரண்டாவது, ஏப்ரலில் வெளியான ‘ஹார்ட்பிளீட்’. இணையத்தின் பாதுகாப்புக்குப் பெரும்பாலான தளங்கள் நம்பியிருந்த ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை இது. ஒரு கணினி இன்னொன்றிடம், “இருக்கிறாயா? இருந்தால் நான் அனுப்பும் இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, சொல்லின் நீளம் இவ்வளவு” என்று கேட்கும். சொல் நான்கு எழுத்தாக இருந்தும், நீளம் பல ஆயிரம் என்று பொய் சொன்னால்? எதிர்முனை அதை அப்படியே நம்பி, அந்தச் சொல்லையும் அதன் பக்கத்தில் நினைவகத்தில் கிடந்ததையும் சேர்த்து, ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அனுப்பிவிடும். அந்தத் துண்டில் பிறருடைய கடவுச்சொல்லும் இருக்கலாம்.

இங்கே தவறு எந்த வரியில்? எந்த வரியிலும் இல்லை. “சொன்ன நீளமும் உண்மையான நீளமும் பொருந்துகின்றனவா?” என்று கேட்கும் வரி எழுதப்படவே இல்லை. இருந்த வரிகள் எல்லாம் வழக்கமான சோதனையிலேயே ஓடக்கூடியவைதாம். எழுதாத வரியை எந்தக் கவரேஜ் கருவியாலும் சிவப்பில் காட்ட முடியாது. வகுப்புக்கு வந்த மாணவர்களைத் தலை எண்ணிப் பார்த்தால், பதிவேட்டில் பெயரே எழுதப்படாத மாணவர் வரவில்லை என்பது எப்படித் தெரியும்?

எண் இலக்காகும்போது

இவ்வளவு வரம்புகள் இருந்தும் இந்த எண்ணை ஏன் எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? எளிதாக அளக்க முடிவதால்தான். மேலாளர் ஒருவரால் ஆயிரம் பக்க நிரலைப் படிக்க முடியாது. 92 என்ற எண்ணைப் படித்துவிட முடியும்.

பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் எழுதிய ஒரு கருத்து இன்று ‘குட்ஹார்ட் விதி’ என்று வழங்குகிறது. ஓர் அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். அவர் பேசியது பணக் கொள்கையைப் பற்றி. ஆனால் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பாடத்தைப் புரிந்துகொண்டோமா என்று பார்க்கத் தேர்வு வைக்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் வாங்குவதே நோக்கமானதும் விடைகளை மனப்பாடம் செய்கிறோம். மதிப்பெண் ஏறுகிறது; புரிதல் ஏறுவதில்லை.

கவரேஜிலும் இதுவே நடக்கிறது. 80 விழுக்காடு கட்டாயம் என்று விதி வந்தால், கடினமான, ஆபத்தான பகுதியைச் சோதிப்பதைவிட எளிதான பகுதிகளைச் சோதித்து எண்ணைத் தொடுவது லாபம். அல்லது, எல்லாவற்றையும் ஓடவிட்டு எதையும் சரிபார்க்காத ஒரு சோதனை எழுதினாலும் போதும். எண் பொய்யில்லாமல் ஏறும்.

இப்போது இதில் ஒரு புதிய வேகம் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம், “இந்த நிரலுக்குக் கவரேஜ் 100 ஆகும்படி சோதனைகள் எழுதிக்கொடு” என்று கேட்டால் நொடிகளில் தந்துவிடும். நல்ல சோதனைகளும் அதில் இருக்கலாம். ஆனால் நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லாதபோது, நிரல் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரியான விடை என்று அது எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மேலே பார்த்த அவசரத் திருத்தத்தைக் கொடுத்தால், “366-ஐக் கொடுத்தால் 1981-இன் 0-ஆவது நாள் வரவேண்டும்” என்று ஒரு சோதனை எழுதப்படலாம். பிழைக்கே முத்திரை குத்தியாயிற்று! பிறகு யாராவது அதைச் சரியாகத் திருத்தினால் சோதனை தோல்வி என்று காட்டும். கவரேஜோ 100.

இந்தத் தலைமுறை மாணவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். நிரலும் இயந்திரம் எழுதி, சோதனையும் இயந்திரம் எழுதி, மதிப்பெண்ணும் இயந்திரம் போட்டால், “சரியான விடை எது?” என்று கேட்கும் வேலை மட்டுமே மனிதருக்கு மிஞ்சும். அதையும் விட்டுவிட்டால் நாம் எதற்கு?

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா?

இந்த இடத்தில் சிலர் எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள். “கவரேஜ் ஒரு வெற்று எண், அளப்பதே வீண்” என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. எங்கே தவறு நடந்தால் உயிர் போகுமோ அங்கே இந்த அளவை எவ்வளவு கவனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

பயணிகள் விமானங்களில் ஓடும் மென்பொருளுக்கு ‘டிஓ-178சி’ என்ற தரவிதி இருக்கிறது. மென்பொருள் தவறினால் விளையக்கூடிய கேட்டைப் பொறுத்து நிலைகள் பிரிக்கப்படுகின்றன. ‘சி’ நிலைக்கு ஒவ்வொரு கட்டளையும் ஓடியிருக்க வேண்டும். ‘பி’ நிலைக்கு ஒவ்வொரு முடிவின் இரு பக்கமும் போயிருக்க வேண்டும். விமானமே வீழக்கூடிய ‘ஏ’ நிலைக்கு அதுவும் போதாது. ஒரு முடிவுக்குள் பல சிறு நிபந்தனைகள் இருந்தால், ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து நின்று அந்த முடிவை மாற்றுகிறது என்று சோதனையில் காட்ட வேண்டும். ஒரு முடிவில் ஐந்து நிபந்தனைகள் என்றால், எல்லாச் சேர்க்கைகளும் 32. இந்த முறையில் குறைந்தது ஆறு சோதனைகள் தேவை. ஆறையும் ஏனோதானோ என்று தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியம், அங்கே பின்பற்றும் வரிசை. விமான மென்பொருளில் நிரலைப் பார்த்துச் சோதனை எழுதுவதில்லை. “இந்த உயரத்தில் இது நடக்க வேண்டும்” என்று முன்பே எழுதிவைத்த தேவைகளைப் பார்த்துச் சோதனை எழுதுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கவரேஜை அளக்கிறார்கள். ஏதாவது வரி ஓடாமல் இருந்தால், “அதை எப்படியாவது ஓடவை” என்று யாரும் சொல்வதில்லை. “இந்த வரி எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது? தேவையை எழுத மறந்தோமா, சோதனையை மறந்தோமா, அல்லது இந்த வரியே வேண்டாததா?” என்று விசாரிக்கிறார்கள். அங்கே கவரேஜ் இறுதி மதிப்பெண்ணாக இல்லாமல், விசாரணையின் தொடக்கமாக இருக்கிறது. என் பார்வையில் அந்த எண்ணுக்குரிய சரியான இடம் அதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை. பள்ளியில் எழுதும் முப்பது வரி நிரலுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

முதலில், நிரலைத் திறக்காமல் விடைகளை எழுதுங்கள். எந்த உள்ளீட்டுக்கு என்ன வரவேண்டும் என்று தாளில் ஓர் அட்டவணை போடுங்கள். கணினியியல் பாடம் எடுப்பவர்களுக்கு இயல்பான தரவு, எல்லைத் தரவு, பிழையான தரவு என்ற பிரிவுகள் தெரிந்திருக்கும். அவற்றில் எல்லைத் தரவை ஒருபோதும் விடாதீர்கள். 365, 366, 367 மூன்றையும் சோதித்திருந்தால் ஸூன் பிழை முதல் நாளே வெளிவந்திருக்கும். சராசரி கணக்கிடும் நிரலா? மாணவர் எண்ணிக்கை 0 என்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பயனர் பொய் சொன்னால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். ஹார்ட்பிளீட் ஓட்டையை அடைத்திருக்கக்கூடிய கேள்வி அது.

அதன் பிறகு கவரேஜை அளந்து பாருங்கள். வரியோடு கிளையையும் அளக்கும்படி கருவிக்குச் சொல்லுங்கள். மேலே தெரியும் பெரிய எண்ணை விட்டுவிட்டு நேராகச் சிவப்புப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு சிவப்பு வரியும் ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகே சோதனை எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் சோதனைகளையே சோதியுங்கள். நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு தவறு செய்யுங்கள். ‘அதிகம்’ என்பதைக் ‘குறைவு’ என்று மாற்றுங்கள். 366-ஐ 365 ஆக்குங்கள். இப்போது சோதனைகளை ஓடவிட்டால் ஏதாவது ஒன்று தோற்க வேண்டும். எல்லாம் பச்சையாகவே இருந்தால், உங்கள் சோதனைகள் தூங்குகின்றன என்று பொருள். துறையில் இதற்கு ‘மியூட்டேஷன் டெஸ்டிங்’ என்று பெயர். 1971-இல் ரிச்சர்ட் லிப்டன் இதை முன்வைத்தபோது அவரும் ஒரு மாணவர்தான். 1978-இல் அவர் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆக்கங்களில் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

அடுத்த லீப் ஆண்டு 2028. மேலே உள்ள எட்டு வரிகளை உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி, அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குச் சரியான விடை வரும்படி திருத்திப் பாருங்கள். ஓர் உதவி: 1-ஆம் வரியிலிருந்து வெளியேற இன்னொரு வழி வேண்டும். திருத்திய பிறகு கவரேஜ் எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள்.

நாளைக்கு யாராவது உங்களிடம், “என் நிரல் 100 விழுக்காடு சோதிக்கப்பட்டது” என்று சொன்னால் பாராட்டுங்கள், உழைத்திருக்கிறார். பாராட்டிவிட்டு, இரண்டு கேள்விகள் கேளுங்கள். சரியான விடை எது என்று யார் முடிவு செய்தார்கள்? நிரலை வேண்டுமென்றே கெடுத்தால் சோதனைக்குத் தெரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடிந்தவரின் 70 விழுக்காட்டை நான் நம்புவேன். சொல்ல முடியாதவரின் நூறை நம்பமாட்டேன்.